செல் மாற்றியதும் தேதி தப்புகிற பெர்பெச்சுவல் காலண்டர் வாட்ச்

மாதம் 30-இல் முடியுமா 31-இல் முடியுமா, பிப்ரவரிக்கு 28-ஆ 29-ஆ என்பதைத் தானே கணக்குப் போட்டுத் தேதி மாற்றும் வாட்ச் இது. புதுச் செல் போட்டாயிற்று. முள் ஓடுகிறது, நேரமும் வைத்தாயிற்று. ஆனால் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்கு மாறுகிறது. அல்லது ஜூலை 31 காலையில் 1 என்று காட்டுகிறது. அல்லது தேதி ஜன்னலில் 7-இல் பாதியும் 8-இல் பாதியும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. “மிஷின் போச்சுங்க, வேற மிஷின் போட்டுக்கலாம்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். செல் மாற்றிய கையோடு இப்படி நடந்தால் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. வாட்சுக்கு மறதி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

காரணம் இது. சாதாரண தேதி வாட்சில் தேதித் தட்டு (ஜன்னலுக்கு அடியில் சுழலும், எண் அச்சிட்ட வளையம்) மணி முள்ளோடு பல்சக்கரத்தால் பிணைந்தது. 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை தள்ளும், 31 வரை போகும், 30 நாள் மாதம் முடிந்தால் நாம்தான் திருகிச் சரிசெய்ய வேண்டும். பெர்பெச்சுவல் காலண்டரில் பெரும்பாலும் தட்டுக்கென்று தனி மோட்டார் உண்டு. அதை எப்போது எத்தனை அடி (ஸ்டெப்) நகர்த்துவது என்பதைச் சர்க்யூட் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தச் சர்க்யூட்டுக்குக் கண் கிடையாது. தட்டில் இப்போது என்ன எண் தெரிகிறது என்று அதனால் பார்க்க முடியாது. தான் இதுவரை எத்தனை அடி தள்ளினோம் என்ற எண்ணிக்கையை மட்டும் நினைவில் வைத்திருக்கும். செல்லைக் கழற்றினால் அந்த நினைவு போய்விடும். தட்டும் முள்ளும் நின்ற இடத்திலேயே நிற்கும். புதுச் செல் போட்டதும் மூளை ஒரு தேதியில் இருந்து தொடங்கும், தட்டு வேறொரு தேதியில் இருக்கும். (2017-இல் வந்த லாஞ்ஜின் விஎச்பி போல, சக்கரம் எங்கே நிற்கிறது என்று தானே சோதித்துக்கொள்ளும் மிஷின்களும் இருக்கின்றன. அவை கொஞ்சம்தான்.)

ஆகவே வேலை என்பது மூளையையும் தட்டையும் மறுபடி ஒத்துப்போக வைப்பது. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் ரீசெட், அடுத்து முள்ளும் தட்டும் பூஜ்ய நிலைக்கு வருவது, அப்புறம் வருடம்–மாதம்–தேதி, கடைசியாக நேரம். தேதியை முதலில் வைத்துவிட்டுப் பிறகு ரீசெட் செய்தால் வைத்ததெல்லாம் அழிந்துபோகும். கடையில் திரும்பத் திரும்ப நடக்கும் தப்பு இதுதான்.

எந்த மிஷின்?

வரிசை எல்லாவற்றுக்கும் ஒன்று, ஆனால் எந்தப் பட்டனை எத்தனை வினாடி அழுத்துவது என்பது மிஷினுக்கு மிஷின் மாறும். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே கேலிபர் எண்ணை, அதாவது உள்ளே இருக்கும் மிஷினின் மாடல் எண்ணை, கண்டுபிடியுங்கள். சீக்கோவிலும் சிட்டிசனிலும் பின்மூடியில் ஒரு கோடு போட்ட எண் இருக்கும். கோட்டுக்கு முன்னால் இருக்கும் நாலு எழுத்துதான் கேலிபர். 8எஃப்32 என்று இருந்தால் அது சீக்கோவின் பழைய பெர்பெச்சுவல் மிஷின். சுவிஸ் வாட்சுகளில் பெரும்பாலும் எண் வெளியே இருக்காது. மூடியைத் திறந்தால் செல்லுக்குப் பக்கத்திலோ அடியிலோ தகட்டில் பொறித்திருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்த எண்ணை வைத்து நிறுவனத்தின் கையேட்டை இறக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

திறக்கும் முன் இன்னொன்று: செல்போனில் டயலைப் படம் எடுங்கள். தேதித் தட்டு எதில் நிற்கிறது, நொடி முள் எப்படித் துள்ளுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சீக்கோவில் செல் தீரும் நிலையில் நொடி முள் இரண்டு இரண்டு வினாடியாகத் தாண்டும். சுவிஸ் நிறுவனமான இடிஏ-வின் மிஷின்களில் நாலு நாலு வினாடி. அந்தத் துள்ளல் வந்த உடனேயே மாற்றினால் நல்லது. முழுசாகச் சாகும்வரை விட்டால், கடைசி நாட்களில் வோல்டேஜ் தொய்ந்து தட்டு பாதி வழியில் நின்றுபோகும். பாதியில் நிற்கும் தேதிக்கு இதுவும் ஒரு காரணம்.

செல்லில் செய்யும் தப்புகள்

8எஃப்32-க்கு சிஆர்2412 வேண்டும். 24.5 மில்லிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட் லித்தியம். இது எடை மெஷினுக்கும் கார் சாவிக்கும் போடுகிற சிஆர்2032 மாதிரி எந்தப் பெட்டிக்கடையிலும் தொங்காது. சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். ‘இருக்கிறதைப் போட்டுப் பார்ப்போம்’ என்று சிஆர்2016-ஐத் திணித்தால் அகலம் 4.5 மில்லிமீட்டர் குறைவு, கனம் 0.4 அதிகம். செல் ஆடும், கிளிப் வளையும், மூடி உட்கார மறுக்கும். அப்படி வளைந்த கிளிப் பிறகு சரியான செல் போட்டாலும் பிடிக்காது.

சின்னச் செல் போடும் வாட்சுகளில் வேறொரு கோளாறு. எஸ்ஆர் என்று தொடங்கினால் சில்வர் ஆக்சைடு, எல்ஆர் என்றால் ஆல்கலைன். அளவு ஒன்றாகவே இருக்கும், ஆல்கலைன் விலை பாதிகூட இருக்காது. சில்வர் ஆக்சைடு 1.55 வோல்ட்டில் கடைசிவரை கிட்டத்தட்ட சமமாக நிற்கும். ஆல்கலைன் முதல் நாளில் இருந்தே சரிந்துகொண்டு வரும், கசியவும் செய்யும். தனி மோட்டார் வைத்துத் தட்டைத் தள்ளும் மிஷினுக்கு அந்தச் சரிவு ஒத்துவராது: முள் ஓடும், நள்ளிரவில் தட்டு தள்ளும்போது மட்டும் மூச்சு முட்டும். எஸ்ஆர் செல்லிலேயே கடைசியில் எஸ்டபிள்யூ என்று முடிவது, டபிள்யூ என்று முடிவது என இரண்டு உண்டு. பின்னது அதிக மின்சாரம் இழுக்கும் வாட்சுக்கானது. கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

போடும் முன் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். புது லித்தியம் 3.2 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், 2.9-க்குக் கீழே இருந்தால் கடையிலேயே வெகுநாள் கிடந்த சரக்கு. சில்வர் ஆக்சைடு 1.55-ஐ ஒட்டி வர வேண்டும், 1.5-க்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுங்கள். செல்லை பிளாஸ்டிக் சாமணத்தால் எடுங்கள். இரும்புச் சாமணம் இரண்டு முகத்தையும் ஒருசேரத் தொட்டால் ஷார்ட் ஆகும். வெறும் விரலால் எடுத்தால் வியர்வை ஒட்டும், அதுவும் சேலத்து ஏப்ரலில் சொல்லவே வேண்டாம். சாமணமும் கண்ணில் மாட்டும் லென்ஸும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலைக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

செல்லுக்கு அடியிலோ ஓரத்திலோ மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும், பார்த்தால் பேக்கிங் குப்பை மாதிரி. தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதுதான் செல்லின் உடம்பு சர்க்யூட்டைத் தொடாமல் காக்கிறது. அது இல்லாவிட்டால் வாட்ச் ஓடாது, அல்லது ஓடி மூன்றே மாதத்தில் செல் காலியாகும்.

வெயிலில் சார்ஜ் ஆகும் சிட்டிசன் எகோ-டிரைவ் வகையில் இருப்பது சாதாரணச் செல் கிடையாது, ரீசார்ஜ் செல். அதன் மேல் ஒரு உலோகக் காது பற்றவைத்திருக்கும். அதே அளவு இருக்கிறதே என்று சாதாரண சில்வர் ஆக்சைடைப் போட்டால், சோலார் தகடு அதற்குள்ளும் மின்சாரத்தைத் தள்ளும். செல் உப்பும், கசியும், சர்க்யூட் போகும்.

ரீசெட்

செல்லை உட்கார வைத்து கிளிப்பை மாட்டியாயிற்று. சீக்கோ மிஷின் என்றால் சர்க்யூட்டின் மேல் ‘ஏசி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு சின்னத் தங்க நிறப் புள்ளியோ அம்புக்குறியோ இருக்கும். இங்கே மட்டும் இரும்புச் சாமணம் வேண்டும். ஒரு முனையை அந்தப் புள்ளியில் வையுங்கள், மறு முனையைச் செல்லின் மேல்முகத்தில் வையுங்கள். இரண்டு வினாடிக்குக் குறையாமல் பிடியுங்கள். தொட்டு எடுத்தால் போதாது. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு எடுங்கள். கை நழுவி காயில் (மோட்டாரின் கம்பிச் சுருள்) மேல் பட்டுவிடக் கூடாது. காயில் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, ஒரு கீறலில் அறுந்துபோகும்.

ரீசெட் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? சில நேரம் ஒன்றும் ஆகாது. சில நேரம் வாட்ச் ஓடவே ஓடாது. செல் உட்காரும்போது தொடர்பு விட்டு விட்டுப் பிடிக்கும்; சர்க்யூட் அரைகுறை நிலையில் எழுந்து உளறும். நொடி முள் ஓடி, தேதி மட்டும் நகர மறுப்பது, கிரவுனை (நேரம் வைக்கும் திருகை) இழுத்தால் எந்த அசைவும் இல்லாதது, நொடி முள் கன்னாபின்னாவென்று சுற்றுவது எல்லாம் இந்த உளறல்தான். முதல் தடவை கேட்கவில்லை என்றால் செல்லைக் கழற்றி, ஐந்து பத்து நிமிஷம் விட்டு, மறுபடி போட்டு ரீசெட் செய்யுங்கள். கிரவுன் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கையேடு சொல்வதையும் கவனியுங்கள். அது பிசகினாலும் ரீசெட் ஏறாது.

எகோ-டிரைவில் சாமணம் தேவையில்லை. கிரவுனை இழுத்துப் பட்டன்களைப் பிடித்து ‘ஆல் ரீசெட்’ செய்யும் முறை கையேட்டில் இருக்கும். ஆனால் சார்ஜ் போதாமல் இருந்தால் அது ஏறாது. இங்கே நொடி முள்ளின் நடையைப் படிக்கத் தெரிய வேண்டும். இரண்டு வினாடிக்கு ஒரு தரம் ஒரே சீராகத் தாண்டினால் வாட்சுக்குப் பசி, வெளிச்சம் காட்டுங்கள். ஒன்று சீக்கிரம், அடுத்தது தாமதம் என்று நொண்டி நொண்டித் தாண்டினால் சார்ஜ் ஏறிவிட்டது, ‘நடுவில் நின்றுபோனேன், நேரத்தை வைத்துக்கொடு’ என்று கேட்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நாள்கணக்கில் வெயிலில் காயப்போடுகிறவர்கள் உண்டு. வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் சொன்னால், நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ், மேகம் மூடிய பகல் பத்தாயிரம் லக்ஸ், வீட்டுக்குள் குழல்விளக்கு சில நூறுதான். ஏற்காட்டில் மழை மாதத்தில் சன்னலோரம் வைத்தால் சார்ஜ் ஏற நாளாகும், பொறுத்திருங்கள். சேலத்தில் சீக்கிரம் ஏறட்டும் என்று கார் டேஷ்போர்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள்; 60 டிகிரியைத் தாண்டினால் செல் கெடும்.

பூஜ்ய நிலை

ரீசெட் ஆனதும் சர்க்யூட் ‘எல்லா முள்ளும் பன்னிரண்டில் நிற்கின்றன, தட்டு இன்ன எண்ணில் நிற்கிறது’ என்று நம்பத் தொடங்கும். பல மாடல்களில் அந்த எண் 1. கண்ணால் பார்த்து அந்த நம்பிக்கையை உண்மையாக்குவது நம் வேலை. கையேடு சொல்லும்படி பூஜ்ய நிலைக்குள் போங்கள். நொடி முள் 12-க்கு இரண்டு கோடு தள்ளி நின்றால் ஒவ்வோர் அடியாக நகர்த்தி நேராக்குங்கள். தட்டு பாதியில் நின்றால் அதையும் இதே இடத்தில்தான் நேராக்க வேண்டும். ஜன்னலில் எண் நடுவாக வரும்வரை கிரவுனை ஒரு கிளிக், நிறுத்திப் பார், இன்னொரு கிளிக். கையை அழுத்திப் பிடித்துச் சுழலவிட்டால் தட்டு முழுச் சுற்று போகும். சில மிஷின்களில் அதற்குப் பல நிமிஷம் ஆகும், நடுவில் நிறுத்தவும் விடாது. எண் தாண்டிப் போய்விட்டதே என்று பதறிக் கிரவுனை உள்ளே தள்ளினால் மூளை அந்தத் தப்பான இடத்தையே பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளும்.

தேதி எப்போதும் ஒரே அளவு தள்ளி நிற்கிறது, உதாரணமாக என்றைக்குப் பார்த்தாலும் மூன்று நாள் கூடக் காட்டுகிறது, ஆனால் நள்ளிரவில் ஒழுங்காக மாறுகிறது என்றால் வருடம் மாதத்தை நோண்டாதீர்கள். பூஜ்ய நிலைதான் தப்பு.

லீப் வருடக் கணக்கு

இதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பெரும்பாலான பெர்பெச்சுவல் வாட்சுகளுக்கு 2026 என்று சொல்ல வழியில்லை. டயலில் வருடத்துக்கு இடமே கிடையாது. கடைசி லீப் வருடம் போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று மட்டும் சொல்ல வேண்டும். வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தை நாலால் வகுத்து மீதியைப் பாருங்கள். 2024-க்கு மீதி 0, அது லீப் வருடம். 2025-க்கு 1. 2026-க்கு 2. 2027-க்கு 3. 2028 மறுபடி 0. லீப் வருடத்தையே ‘முதல் வருடம்’ என்று எண்ணத் தொடங்கினால் எல்லாமே ஒன்று கூடிவிடும்.

சிட்டிசன் எகோ-டிரைவ் மாடல்கள் பலவற்றில் மாதத்தையும் வருடத்தையும் நொடி முள்ளே ஒரே இடத்தில் நின்று காட்டும். மாத எண்ணை ஐந்தால் பெருக்கி, லீப் மீதியைக் கூட்டினால் முள் நிற்க வேண்டிய வினாடி வரும். 2026 ஜூலை: 7 × 5 = 35, கூட்டல் 2, ஆக 37-வது வினாடி. டிசம்பருக்கு மட்டும் 60-க்குப் பதில் பூஜ்யம். 2027 டிசம்பர் என்றால் 3-வது வினாடி. ஜனவரி 12-க்கும் 1-க்கும் நடுவில்தானே இருக்க வேண்டும் என்று நினைத்து வைத்தால் எல்லா மாதமும் ஒன்று குறைந்துபோகும். அந்த இடம் டிசம்பருடையது. ஜனவரி 1-க்கும் 2-க்கும் நடுவில்.

மாதத்தைத் தப்பாக வைத்தால் அன்றைக்கே தெரியாது, டயலில் மாதம் இல்லையே. மாதக் கடைசியில்தான் குட்டு வெளிப்படும். எந்த நாளில் என்ன காட்டியது என்பதை வைத்து எங்கே தப்பு என்று பிடித்துவிடலாம். சுவரில் கிழிக்கிற தினசரி காலண்டர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஜூலை 31 அன்று வாட்ச் 1 காட்டுகிறதா? அது ஜூனில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, ஒரு மாதம் பின்தங்கல். அதே தப்பை ஆகஸ்டில் செய்திருந்தால், வாட்ச் ஜூலை என்று நம்பும். இரண்டுக்கும் 31 நாள் என்பதால் அந்த மாதம் ஒன்றும் தெரியாது. செப்டம்பரை ஆகஸ்ட் என்று நினைத்து அக்டோபர் 1 அன்று 31 காட்டும்போதுதான் தெரியும். செல் போட்டு ஒன்றரை மாதம் கழித்து ‘திடீரென்று கெட்டுப்போனது’ என்று கொண்டுவரும் வாட்சில் இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

மார்ச் 1 அன்று 29 காட்டினால் இரண்டு வழி இருக்கிறது, இன்னும் ஒரு நாள் பொறுத்தால் பிரிந்துவிடும். மார்ச் 2 அன்று வாட்ச் 1 காட்டினால் லீப் கணக்கு தப்பு: சாதாரண வருடத்தை லீப் என்று எண்ணிவிட்டது. மார்ச் 2 அன்று 30, மார்ச் 3 அன்று 31, அப்புறம்தான் 1 என்று போனால் மாதம் தப்பு: பிப்ரவரியை ஜனவரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. 2028 பிப்ரவரி 29 அன்று 1 காட்டினால் லீப் வருடத்தைச் சாதாரண வருடமாக வைத்திருக்கிறீர்கள். இந்தக் கடைசி வகைத் தப்பு வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

சரியாக வைத்துவிட்டால் இந்த வாட்சுகள் பொதுவாக 2100 பிப்ரவரி 28 வரை தாமே பார்த்துக்கொள்ளும். 2100 நாலால் வகுபடும், ஆனால் நூற்றாண்டு வருடம் 400-ஆலும் வகுபட்டால்தான் லீப். வாட்சுக்கு அந்த விதியைச் சொல்லித்தரவில்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா எந்தத் தேதியில் வருகிறது என்பதையும் அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதற்கு அந்தக் கிழிக்கிற காலண்டர்தான்.

மதியம் மாறும் தேதி

இது சுலபம். டயல் பன்னிரண்டு மணிக்கு, நாள் இருபத்துநாலு மணிக்கு; நீங்கள் காலை 10 என்று வைத்ததை வாட்ச் இரவு 10 என்று எடுத்துக்கொண்டது. முள்ளை முன்பக்கமாக 12 மணி நேரம் சுற்றுங்கள். சுற்றும்போது தேதி ஒன்று கூடினால் அதைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். சில சுவிஸ் மிஷின்களில் மணி முள் மட்டும் ஒரு மணி, ஒரு மணியாகத் தாவும், தேதியும் அதோடு சேர்ந்து முன்னும் பின்னும் போகும். அவற்றில் நிமிஷ முள்ளைத் தொடாமலே 12 தாவல் கொடுத்து முடித்துவிடலாம்.

நேரத்தை இரவு 11-இல் இருந்து 1-க்குள் வைக்காதீர்கள். தட்டு நகர்ந்துகொண்டிருக்கும்போது கிரவுனை இழுத்தால் எண்ணிக்கை பிசகும், மறுபடி பூஜ்ய நிலையிலிருந்து வர வேண்டியிருக்கும்.

வாட்ச் ஓடவே இல்லை என்றால்

செல்லின் வோல்டேஜ், பிளாஸ்டிக் தாள், கிளிப், ரீசெட் நாலையும் பார்த்தாயிற்று, அப்போதும் அசையவில்லை. தொடர்புத் தகட்டில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. வினிகரில் லேசாக நனைத்த காதுக் குச்சியால் துடைத்து, அடுத்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். அடுத்தது காயில். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் காயிலின் இரண்டு முனையிலும் தொட்டால் பெரும்பாலும் 1 முதல் 3 கிலோ ஓம் காட்டும். எண்ணே வரவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. நொடி முள் காயிலும் தேதிக் காயிலும் தனித்தனி, இரண்டையும் அளங்கள். காயில் நன்றாக இருந்து முள் அதே இடத்தில் துடிதுடித்துக்கொண்டே இருந்தால் சக்கரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கிறது. பத்து வருடம் ஓடும் செல் என்றால் இரண்டாவது செல் மாற்றும்போது உள்ளே இருக்கும் எண்ணெய்க்கு இருபது வயது. அந்த வாட்சுக்குப் புதுச் செல் பத்து வருடம் வராது, சர்வீஸ் செய்தாக வேண்டும்.

வெள்ளிப் பட்டறையில் காந்தப் பாலிஷ் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர் கையில் இருக்கும் வாட்ச் அங்கே நின்று வீட்டில் ஓடும். மோட்டாருக்குள் இருப்பதும் ஒரு சின்னக் காந்தம்தான். தூர எடுத்துப் போனால் சரியாகிவிடும், ஆனால் நின்ற நேரத்தில் எண்ணிக்கையும் முள்ளும் பிரிந்திருக்கும். பூஜ்ய நிலையைப் பார்த்துவிடுங்கள்.

மூடும்போது

பின்மூடியின் ரப்பர் வாஷரை லென்ஸில் பாருங்கள். தட்டையாக நசுங்கியிருந்தாலோ வெடித்திருந்தாலோ அதே கனத்தில் புதிது போடுங்கள். நன்றாக இருந்தால் துடைத்து, சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் பட்டும் படாமலும் தடவுங்கள். மினுமினுப்பு தெரிந்தால் போதும், வழிந்தால் அது தூசியைப் பிடித்து உள்ளே இழுக்கும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேலே. ஐப்பசியில் மழை விட்ட புழுக்கத்தில் சேலத்தில் மூடிய வாட்சுக்குள் அந்தப் புழுக்கமும் சேர்ந்துதான் அடைபடும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் கண்ணாடி குளிர்ந்து, உள்பக்கம் ஆவி படரும். தண்ணீர் புகுந்துவிட்டது என்று பயப்படுவீர்கள். புகவில்லை, நீங்களே உள்ளே வைத்து மூடினது. ஏற்காட்டிலேயே திறந்து மூடுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், கதவைத் திறந்தாலே மூடுபனி அறைக்குள் வந்துவிடும் ஊர் அது. செல் போட்டு ரீசெட் முடித்த வாட்சை மூடியைச் சும்மா மேலே வைத்து, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பை நாலைந்தோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் எடுத்த உடனே மூடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

மூடியபின் ஒரு சோதனை: வாட்சை 40 முதல் 45 டிகிரிச் சூட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடி மேல் சாதாரணத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்து ஒரு நிமிஷம் விட்டுத் துடைத்துப் பாருங்கள். சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் வட்டமாக ஆவி படிந்திருந்தால் மறுபடி திறந்து உலர்த்துங்கள்.

இனி நேரம். சாதாரணக் குவார்ட்ஸ் ஸ்படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிரும். 25 டிகிரியை ஒட்டித்தான் சரியாக இருக்கும், சூடு கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகும். 40 டிகிரிச் சூட்டில் மேசை மேல் கிடக்கும் வாட்ச் நாளைக்கு ஏறக்குறைய 0.66 வினாடி பின்தங்கும், 15 டிகிரி அறையில் 0.3 வினாடி. கையில் கட்டியிருந்தால் உடம்புச் சூடு சமன் செய்துவிடும். அதனால் கட்டாமல் அலமாரியில் வைத்து ‘செல் மாற்றியதிலிருந்து ஸ்லோ’ என்று முடிவு கட்டாதீர்கள். 8எஃப்32-வின் ஸ்படிகம் 1,96,608 தடவை அதிர்கிறது, வருடத்துக்கு 20 வினாடிக்குள் கூடும் குறையும். அதை ஒரு வாரம் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு மாதம் ஓடவிட்டு செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டால் மூன்று, மூன்றரை வினாடிக்குள் இருக்க வேண்டும்.

கடையில் கொடுத்தால்

திறக்க பயமாக இருந்தால் கடைக்கே போங்கள், ஆனால் கேலிபர் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள், கையேட்டின் ரீசெட் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். “அண்ணா, இது சாதா தேதி இல்லீங்க, செல் போட்டதும் ஏசி ரீசெட் பண்ணணும். வருஷம் மாசத்த நானே வச்சுக்கறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அனுபவப்பட்டவராக இருந்தால் சீட்டை வாங்கிப் பார்ப்பார். சீட்டைப் பார்க்காமல் செல்லை மட்டும் மாற்றி, நேரம் வைத்து, “ஓடுதுல்ல, அப்புறம் என்ன” என்றால் காசைக் கொடுத்துவிட்டு வந்து ரீசெட்டுக்கு வேறு ஆளைப் பாருங்கள். பழைய செல்லையும் பழைய வாஷரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போட்டது என்ன என்று அதில் தெரியும். செல் போட்ட தேதியைப் பின்மூடியின் உள்பக்கம் மார்க்கரால் சின்னதாக எழுதச் சொல்லுங்கள். ஊசியால் கீறுகிறவர்களைத் தடுத்துவிடுங்கள்.